சீஃப்ஸ் தோற்றதால் ஆட்டத்துக்கு என்ன லாபம்?

2025 பிப்ரவரி 11, காலை: ஒரு வாசகரின் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுலில், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டத்தில், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி கான்சஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று வீழ்த்தியபோது எனக்கு மகிழ்ச்சியைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. ஒரே அணி தொடர்ந்து ஏழு பருவங்கள் லீகின் இரு கூட்டமைப்புகளில் ஒன்றான ஏ.எஃப்.சி.யின் இறுதி ஆட்டத்தில் இடம்பிடிப்பதாலும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகளில் சிறந்தவர் சீஃப்ஸின் மஹோம்ஸா பஃபலோ பில்ஸின் ஆலனா என்று தொலைக்காட்சிகள் ஆண்டு முழுவதும் ஓயாமல் கேட்பதாலும் அமெரிக்கக் கால்பந்துக்கு என்ன நன்மை? 32 அணிகள் உள்ள லீகில் மற்றவர்களின் ரசிகர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

2025 பிப்ரவரி 11, இரவு

நான் பஃபலோவுக்கு அருகில் வசிப்பவன், பில்ஸ் ரசிகன். சீஃப்ஸின் தோல்வியைக் கொண்டாட எனக்கு உங்களைவிட அதிக உரிமை உண்டு, கொண்டாடவும் செய்தேன். ஆனால் உங்கள் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் நிம்மதியாகப் பார்த்த அந்த ஆட்டத்தைச் சராசரியாக 12.77 கோடிப் பேர் பார்த்திருக்கிறார்கள். சூப்பர் பவுல் வரலாற்றில் அதுவே உச்சம். இடைவேளையில் 24-0 என்றிருந்தது. ஆட்டம் அப்போதே முடிந்துவிட்டது. சூப்பர் பவுலைத் தொடர்ந்து மூன்று முறை எந்த அணியும் வென்றதில்லை என்பதால், சீஃப்ஸ் அதைச் சாதிக்குமா, அல்லது அதன் கொட்டம் அடங்குமா என்று பார்க்கத்தான் அவ்வளவு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளும் அணி ஒன்று இல்லாவிட்டால் ஈகிள்ஸின் வெற்றி உங்களுக்கு இத்தனை இனித்திருக்குமா?

2025 பிப்ரவரி 12

நேற்று எழுதியதை நானே மீண்டும் படித்தபோது, பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் வைத்து வாதிடுவது போதாது என்று தோன்றியது. உணவகங்களிலும் பிறர் வீடுகளிலும் பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் முறை அண்மையில் விரிந்திருக்கிறது. ஆகவே பழைய எண்களோடு புதியதை அப்படியே ஒப்பிடக் கூடாது.

எதிர்ச் சான்றுகளும் கைவசம் இருக்கின்றன. தொலைக்காட்சி உள்ள வீடுகளில் எத்தனை விழுக்காடு பார்த்தன என்ற கணக்கில், 1982 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸும் சின்சினாட்டி பெங்கால்ஸும் ஆடிய சூப்பர் பவுல்தான் இன்றுவரை முதலிடத்தில் உள்ளது: 49.1. அந்த இரண்டு அணிகளும் அதற்கு முந்தைய பருவத்தில் 6 வெற்றி, 10 தோல்வி என்று துவண்டு கிடந்தவை. மாறாக, 2019 பிப்ரவரியில் ஆளும் அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ராம்ஸை 13-3 என்று வீழ்த்தித் தன் ஆறாவது கோப்பையை வென்றபோது பார்த்தவர்கள் சுமார் 9.8 கோடி, அதே அணி 2015-ல் சியாட்டிலோடு ஆடியபோது 11.44 கோடி. அணி ஒன்றுதான், அதன் குவாட்டர்பேக் டாம் பிராடியும் அதே பிராடிதான். கடைசி நிமிடம் வரை நெஞ்சு அடித்துக்கொண்ட ஆட்டத்துக்கும் கொட்டாவி வந்த ஆட்டத்துக்கும் உள்ள இடைவெளி அது.

எனவே என் வாதத்தைச் சற்றுத் திருத்துகிறேன். ஆளும் அணி மட்டும் இருந்தால் போதாது. அது தோற்கக்கூடும் என்று நம்புவதற்கு ஒரு காரணமும் வேண்டும்.

2025 பிப்ரவரி 15

குவாட்டர்பேக் போட்டி என்பதே தொலைக்காட்சிக்காரர்கள் கட்டிவிட்டது என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. இரண்டு குவாட்டர்பேக்குகளும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பதே இல்லை. ஒருவர் ஆடும்போது மற்றவர் ஓரத்தில் பெஞ்சில் அமர்ந்து, சற்று முன் நடந்தவற்றின் படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங் உண்மையில் போராடியது டாம் பிராடியோடு அல்ல, பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக் வடிவமைத்த தற்காப்போடு.

இந்தப் போட்டியைக் கட்டியவர்கள் தொலைக்காட்சிக்காரர்களும் அல்லர், அட்டவணை. 2001 செப்டம்பர் 30 அன்று, காயமடைந்த ட்ரூ பிளெட்சோவுக்குப் பதிலாகப் பிராடி முதன்முறையாகத் தொடக்க குவாட்டர்பேக்காக இறங்கிய ஆட்டத்தில் எதிரே இருந்த அணி மேனிங்கின் கோல்ட்ஸ். பேட்ரியட்ஸ் 44-13 என்று வென்றது. அப்போது இரண்டும் ஒரே பிரிவில் இருந்தன. அடுத்த ஆண்டு ஹூஸ்டன் சேர்ந்து 32 அணிகளானதும் பிரிவுகள் மாற்றப்பட்டு, கோல்ட்ஸ் தெற்குப் பிரிவுக்குப் போனது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பிரிவில் முதலிடம் பெற்ற அணி, மறு ஆண்டு அதே கூட்டமைப்பின் மற்றப் பிரிவுகளில் முதலிடம் பெற்ற அணிகளோடு மோத வேண்டும் என்ற ஏற்பாடு புதிய அட்டவணையில் இருந்தது. இரண்டும் தத்தம் பிரிவுகளை வென்றுகொண்டே இருந்ததால் ஆண்டுதோறும் சந்தித்துக்கொண்டே இருந்தன. பில்ஸும் சீஃப்ஸும் 2020 முதல் ஒவ்வொரு பருவத்திலும் மோதுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். வென்றவனுக்குத் தண்டனையாக அடுத்த ஆண்டு கடினமான அட்டவணை கிடைக்கிறது. அந்தத் தண்டனையே பகையை வளர்த்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு என் வணக்கம்.

பிராடியும் மேனிங்கும் மொத்தம் 17 முறை மோதினர். பிராடி 11, மேனிங் 6. ஆனால் பருவ முடிவில் தோற்றவர் வெளியேறும் பிளே-ஆஃப் ஆட்டங்களை மட்டும் எடுத்தால் மேனிங் 3, பிராடி 2. யார் பெரியவர் என்று கேட்பவருக்கு இந்த இரண்டு வரிகளில் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு; இருபது ஆண்டுகளாகச் சச்சரவு ஓயாததற்கு அது போதும்.

நான் சொல்ல விரும்புவது வேறொன்று. 2004 ஜனவரியில் ஃபாக்ஸ்பரோவில் நடந்த ஏ.எஃப்.சி. இறுதியில் மேனிங்கின் பந்துகளை பேட்ரியட்ஸ் நான்கு முறை இடைமறித்தது. அவற்றில் மூன்றைப் பிடித்தவர் டை லா. பந்து தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து யார்டுக்கு அப்பால், எறிந்த பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைத் தடுக்கக் கூடாது என்ற விதி ஏட்டில் இருந்தது. களத்தில் பேட்ரியட்ஸ் வீரர்கள் கோல்ட்ஸ் ரிசீவர்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், நடுவர்கள் தவறு என்று கொடியை எடுக்கவில்லை. 24-14. கோல்ட்ஸின் பொது மேலாளர் பில் போலியன் விதிகளைப் பரிசீலிக்கும் லீகின் போட்டிக் குழுவிலும் உறுப்பினர். அடுத்த பருவம் முதல் அந்த விதியைக் கறாராக நடைமுறைப்படுத்தினார்கள். 2004-ல் மேனிங் 49 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எறிந்து, டான் மரினோ 1984-ல் படைத்த 48 என்ற சாதனையை முறியடித்தார். 2007-ல் பிராடி 50. 2013-ல் மீண்டும் மேனிங், இம்முறை டென்வரில், 55. இன்று நாம் பார்க்கும் வானளாவிய எறிதல் ஆட்டத்துக்கு இந்த இருவரின் பகையும் ஒரு காரணம். இதே தடுப்பாட்டத்தால் ஒரு நோஞ்சான் அணி தோற்றிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

2025 பிப்ரவரி 16

மேனிங்கை அழுமூஞ்சி என்று எழுதியவருக்கு: 2007 ஜனவரி 21 அன்று இதே பேட்ரியட்ஸிடம் 21-3 என்று பின்தங்கியிருந்து 38-34 என்று வென்றவர் அவர்தான். அழுதுகொண்டே அதைச் செய்திருந்தால் இன்னும் பெரிய சாதனை.

2025 பிப்ரவரி 20

கேள்வி கேட்டவர் பக்கமும் வலுவான ஒரு வழக்கு உண்டு. யாரும் எடுக்காததால் நானே எடுத்து வைக்கிறேன்.

1946-ல் என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக அனைத்து அமெரிக்கக் கால்பந்து மாநாடு என்ற லீக் தொடங்கியது. பயிற்சியாளர் பால் பிரவுனும் குவாட்டர்பேக் ஆட்டோ கிரஹமும் இருந்த கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அதன் நான்கு பட்டங்களையும் வென்றது. 1948-ல் ஒரு தோல்வியும் இல்லை. அந்த ஆண்டு இறுதியில் 49-7 என்று நசுங்கியது, அன்றைய பஃபலோ பில்ஸ். (எங்கள் ஊருக்கு இது பரம்பரை வியாதி.) முதல் ஆட்டத்துக்கு 60,000 பேருக்கு மேல் வந்த கிளீவ்லாந்து அரங்கத்தில், அந்த 1948 இறுதிக்கு வந்தவர்கள் சுமார் 23,000. அது வெளியூர் ரசிகர்களின் வெறுப்பாக இருக்க முடியாது. சொந்த ஊர்க்காரர்களுக்கே அலுத்துவிட்டது. முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு டிசம்பர் குளிரில் எவர் போவார்? 1949 பருவத்தோடு அந்த லீக் மூடப்பட்டது. பணத்தட்டுப்பாடு, இரண்டு லீக்குகளும் வீரர்களுக்காக ஒன்றையொன்று மீறி ஏலம் கேட்டது ஆகியவை முக்கியக் காரணங்கள்தான். ஆனாலும் பிரவுன்ஸின் ஆதிக்கம் அந்த லீகுக்கு உதவவில்லை என்பது உறுதி.

இதன் பின்பகுதிதான் எனக்குப் பிடித்தது. 1950-ல் பிரவுன்ஸ், 49அர்ஸ், பால்டிமோர் கோல்ட்ஸ் ஆகிய மூன்று அணிகளை மட்டும் என்.எஃப்.எல். சேர்த்துக்கொண்டது. பஃபலோவைச் சேர்க்கவில்லை. சின்ன லீகின் ராஜா பெரிய லீகில் என்ன செய்வார் என்று எல்லோரும் காத்திருக்க, முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் ஈகிள்ஸை அதன் சொந்த ஊரில் 35-10 என்று பிரவுன்ஸ் வென்றது. ஆண்டு முடிவில் ராம்ஸை 30-28 என்று முந்திப் பட்டத்தையும் எடுத்தது. கிரஹம் ஆடிய பத்துப் பருவங்களிலும் அவருடைய அணி இறுதி ஆட்டத்துக்குச் சென்றது, ஆனால் என்.எஃப்.எல்.லில் அவற்றில் மூன்றில் தோற்றது. அந்தத் தோல்விகள் வந்த பிறகே மக்கள் கிரஹமின் வெற்றிகளை மதிக்கத் தொடங்கினார்கள் என்று நான் நினைக்கிறேன். அதே அணி, அதே பயிற்சியாளர், அதே குவாட்டர்பேக். எதிரே நிற்பவன் மாறியதும் எல்லாம் மாறியது.

2025 பிப்ரவரி 23

புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டும் சம்பள உச்சவரம்பும் இருக்கும்போது எப்படி ஒரே அணி ஆள முடிகிறது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக:

கடைசி இடத்தவருக்கு முதல் தேர்வு என்ற டிராஃப்ட் 1936-லிருந்து உள்ளது. 1961-ல் ஆணையர் பீட் ரோசெல் தொலைக்காட்சி வருமானத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பெருநகர நியூ யார்க் ஜயன்ட்ஸின் மாரா குடும்பம் தனக்கு வரக்கூடிய பெரும்பங்கை விட்டுக்கொடுத்து அதற்கு இசைந்தது. சம்பள உச்சவரம்பு 1994-ல் வந்தது. 2024 பருவத்தில் அணி ஒன்றுக்கு 25.54 கோடி டாலர். அதன் கடிவாளத்தில்தான் சீஃப்ஸ் 2022-ல் நட்சத்திர ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்கு அனுப்பியது. ஆனால் நல்ல குவாட்டர்பேக் கையில் இருந்தால் மற்றவர்களை மாற்றிக்கொண்டே ஓட்டலாம். 2000 டிராஃப்டில் 199-வது ஆளாகப் பிராடியை எடுத்தது திட்டத்தால் அல்ல, அதிர்ஷ்டத்தால். அதிர்ஷ்டத்துக்கு உச்சவரம்பு போட முடியாது.

2025 மார்ச் 2

இந்தப் பக்கத்தில் எல்லோரும் லீகுக்கு லாபமா நட்டமா என்றே பேசுகிறோம். லாபம் லீகுக்குப் போகிறது, செலவு சில ஊர்களின் தலையில் விழுகிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

2001 முதல் 2019 வரை 19 பருவங்களில் 17 முறை ஏ.எஃப்.சி. கிழக்குப் பிரிவை பேட்ரியட்ஸ் வென்றது. அவர்களுடைய பெருமையில் ஒரு பங்கு, இலுப்பைப்பூவே சர்க்கரையாகும் ஆலை இல்லாத ஊராக இருந்த எங்கள் பிரிவுக்கும் உரியது என்று சிலர் சொல்வார்கள்; நான் மறுக்க மாட்டேன். 2000 முதல் 2016 வரை தொடர்ந்து 17 பருவங்கள் பில்ஸ் பிளே-ஆஃப் வாசலையே மிதிக்கவில்லை. 2017 டிசம்பர் 31 அன்று அந்தச் சாபம் நீங்கியதும் எங்கள் வெற்றியால் மட்டும் அல்ல. சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் பால்டிமோருக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் எறிந்த டச் டவுனால்தான் கதவு திறந்தது. ஊரே அவருடைய அறக்கட்டளைக்கு 17 டாலர் வீதம் பணம் அனுப்பியது, நானும் அனுப்பினேன். டாம் பிராடியின் பொற்காலம் என்று நீங்கள் அழைப்பதை நாங்கள் அப்படித்தான் கழித்தோம்.

இப்போது எங்கள் முறை வந்தபோது எதிரே மஹோம்ஸ். 2022 ஜனவரி 23: ஆட்டம் முடிய 13 வினாடிகள், நாங்கள் 36-33 என்று முன்னிலை. தொடக்க உதையை மைதானத்துக்குள் குறுகலாக உதைத்திருந்தால் சில வினாடிகள் கரைந்திருக்கும்; பந்து நேராகக் களத்தின் கோடியிலுள்ள எண்ட் சோனுக்குப் போனதால் ஒரு வினாடியும் கரையவில்லை. மஹோம்ஸ் எறிந்தது ஹில்லுக்கு 19 யார்டு, கெல்ஸிக்கு 25 யார்டு, பிறகு பட்கர் கம்பங்களுக்கு இடையே உதைத்த 49 யார்டு ஃபீல்டு கோல். சமநிலை. கூடுதல் நேரத்தில் டாஸ் அவர்களுக்கு விழ, முதலில் பந்தைப் பெற்ற அவர்கள் டச் டவுன் போட, ஆலனின் கை பந்தில் படாமலே 42-36 என்று முடிந்தது.

2024 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ஆட்டம் பனிப்புயலால் ஞாயிற்றிலிருந்து திங்களுக்குத் தள்ளிப்போனபோது, மணிக்கு 20 டாலர் தருகிறோம், அரங்கத்தில் பனி அள்ள வாருங்கள் என்று அழைத்தார்கள். மகனோடு நானும் போனேன். மேலே இளகிக் கிடந்த பனியை ஷவலால் எளிதாக வாரலாம். இருக்கைக் கால்களைச் சுற்றி இறுகிய பனியைக் குதிகாலால் உதைத்துப் பெயர்க்க வேண்டும். வாரியதைச் சறுக்குத் தடங்களில் தள்ளிவிட்டால் கீழே மைதானத்து ஓரத்துக்குப் போய்ச் சேரும். பக்கத்து வரிசையில் அள்ளிக்கொண்டிருந்தவர் மறுநாள் ஆட வேண்டிய பிட்ஸ்பர்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கை விறைத்த நிலையிலும் அவர் பேச்சு முழுவதும் அதற்கு அடுத்த வாரம் யார் வருவார் என்பதிலேயே இருந்தது. மஹோம்ஸ் அதுவரை சொந்த அரங்கத்தையும் சூப்பர் பவுலையும் தவிர வேறெங்கும் பிளே-ஆஃப் ஆடியதில்லை. முதன்முறையாக எங்கள் ஊருக்கு வரப்போகிறார் என்ற எண்ணம் எல்லோருக்கும் சூடேற்றியிருந்தது. வந்தார். 1 நிமிடம் 43 வினாடி இருக்கும்போது டைலர் பாஸ் உதைத்த 44 யார்டு ஃபீல்டு கோல் வலப்பக்கம் விலகிப் போயிற்று. 27-24. 1991 சூப்பர் பவுலில் எங்கள் ஸ்காட் நார்வுட் உதைத்துத் தவறவிட்டதும் அதே வலப்பக்கம்தான்.

இவ்வளவுக்கும் பிறகு சீஃப்ஸ் இல்லாத லீக் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2020 முதல் 2024 பருவம் வரை வழக்கமான ஆட்டங்களில் ஆலன் ஐந்தில் நான்கு முறை மஹோம்ஸை வென்றிருக்கிறார். பிளே-ஆஃபில் நான்குக்கு நான்கும் தோல்வி. என்றாவது ஒரு நாள் ஐந்தாவது வரும்போது அதன் ருசி, ஜாக்சன்வில் போன்ற வேறொரு அணியை வென்று சூப்பர் பவுலுக்குப் போவதில் இருக்காது.

2025 மார்ச் 3

மேலுள்ளதைப் படித்துவிட்டு, ஆட்டத்துக்கு நல்லது என்று சொல்கிறீர்களா, உங்களுக்கு நல்லது என்று சொல்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு நல்லதாக இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே!

கெல்ஸிக்காக சீஃப்ஸ் ஆட்டங்களுக்கு வந்த பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை என்ற புகாருக்கு: சேர்க்கவில்லைதான். அவர் எந்த அணியின் தற்காப்பிலும் ஆடுவதில்லை.

2025 ஏப்ரல் 2

நேற்று உரிமையாளர்கள் கூட்டத்தில், கூடுதல் நேரத்தில் இரு அணிகளுக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்ற விதியை வழக்கமான பருவ ஆட்டங்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். இந்த விதியின் பிறப்பைத் தேடிப் போனால், பிப்ரவரி 15 குறிப்பில் சொன்னது (பெரிய அணிகளின் பகையே விதியை மாற்றும் என்பது) இங்கும் அப்படியே நடந்திருக்கிறது.

2019 ஜனவரியில் பேட்ரியட்ஸிடம் சீஃப்ஸ் கூடுதல் நேரத்தில் 37-31 என்று தோற்றது. மஹோம்ஸுக்குப் பந்தே கிடைக்கவில்லை. விதியை மாற்றுங்கள் என்று சீஃப்ஸ் கேட்டது, லீக் கேட்கவில்லை. 2022-ல் அதே விதியால் அதே மஹோம்ஸ் எங்களை வென்றார். ஆலனுக்கு நேர்ந்ததை நாடே பார்த்திருந்ததால், இரண்டே மாதத்தில் 29-3 என்று வாக்களித்துப் பிளே-ஆஃபுக்கு விதியை மாற்றினார்கள். இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது: எங்களை வென்ற மறுவாரமே சீஃப்ஸ் மீண்டும் டாஸை வென்று, மஹோம்ஸின் பந்து இடைமறிக்கப்பட்டு, பெங்கால்ஸிடம் 27-24 என்று தோற்றது. ஆக டாஸ் வென்றவனே ஆட்டத்தை வெல்வான் என்ற வாதம் வாக்கெடுப்புக்கு முன்பே நொண்டத் தொடங்கியிருந்தது. புதிய விதியின் முதல் பயனாளி யார்? 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் 49அர்ஸ் முதலில் பந்தை எடுத்து ஃபீல்டு கோல் போட, எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டு பின்னால் இறங்கிய மஹோம்ஸ் டச் டவுன் எறிந்து 25-22 என்று முடித்தார். எங்கள் கண்ணீரில் விதி மாறியது, கோப்பை அவர்கள் வீட்டுக்குப் போயிற்று.

2025 மே 22

ஆளும் அணியை விதியால் கட்டிப்போடலாமே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கான சோதனை நேற்று நடந்தது. ஒரு யார்டு தேவைப்படும்போது ஈகிள்ஸ் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸைப் பின்னாலிருந்து இருவர் மூவர் தள்ளிக்கொண்டு போகும் ஆட்டமுறையைத் தடைசெய்ய வேண்டும் என்று கிரீன் பே பேக்கர்ஸ் முன்மொழிந்திருந்தது. 32-ல் 24 வாக்குகள் தேவை. ஆதரவாக 22, எதிராக 10. தடை விழவில்லை.

நான் மகிழ்கிறேன். டை லா பிடித்துத் தள்ளியது ஏட்டில் இருந்த விதியை மீறி; அதைத் திருத்தியது நியாயம். கூடுதல் நேர விதி ஒருவனுக்கு வாய்ப்பே தராமல் வீட்டுக்கு அனுப்பியது. அதைத் திருத்தியதும் நியாயம். ஹர்ட்ஸைத் தள்ளுவது எந்த அணியும் செய்துபார்க்கலாம், பலர் செய்தும் பார்த்தார்கள், ஈகிள்ஸ் அளவுக்கு வரவில்லை. அதைத் தடுக்கும் வழியைத் தற்காப்புப் பயிற்சியாளர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், உரிமையாளர்கள் அல்லர்.

பேக்கர்ஸின் கோபத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஜனவரியில் பிளே-ஆஃபின் முதல் சுற்றில் அவர்கள் ஈகிள்ஸிடம் தோற்றது 22-10 என்ற கணக்கில். இம்முறை 22 அவர்கள் பக்கம் இருந்தது, அப்படியும் தோற்றார்கள்.